செல்லாக் குழு நீக்கியல்: நூற்பாவும் உரையும்

இல்லாத ஒன்றை நீக்குவது எப்படி என்ற கேள்வியைத் தத்துவவாதிகள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். யூஸ்நெட் நிர்வாகிகள் கைகழுவவில்லை. 1980-களில் தொடங்கி இன்றுவரை அதோடு மல்லுக்கட்டி, ஒருவரையொருவர் வைது, கடைசியில் அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் இஷ்டப்படி ஒரு விடையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த அரிய துறைக்கு இதுவரை பெயர் இல்லை. 'செல்லாக் குழு நீக்கியல்' என்று ஈண்டுப் பெயர் சூட்டப்படுகிறது. நூற்பாக்களும் இல்லை, அவையும் ஈண்டே யாக்கப்படுகின்றன. நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே ஆதலின், முன்னவரைப் பின்னவர் தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு குறைவு. அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

நூற்பா 1

உள்ளது என்பது பட்டியல் உள்ளது;
பட்டியல் என்பது பலர்வயின் பலவே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஒரு நியூஸ்குரூப், அதாவது ஒரு பொருள் பற்றிய மடல்கள் சேரும் குழு, 'இருக்கிறது' என்றால் அது எங்கே இருக்கிறது என்று உணர்த்துதல் நுதலிற்று.

யூஸ்நெட்டுக்குத் தலைமையகம் கிடையாது. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசனை சொல்ல, பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் ஸ்டீவ் பெலோவின் அதை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிப் பார்த்ததில் பிறந்தது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை டெலிபோனில் கூப்பிட்டு, தன்னிடம் இருப்பதில் அதனிடம் இல்லாத மடல்களைத் தள்ளிவிடும். அது மூன்றாவதைக் கூப்பிடும். இவ்வளவுதான் ஏற்பாடு. மடல்கள் ஊர் ஊராகப் போகும். ஊர்களுக்குப் பொதுவாக ஒரு சபை கிடையாது.

ஒவ்வொரு சர்வரிலும் 'ஆக்டிவ்' என்றொரு கோப்பு உண்டு. குழுவுக்கு ஒரு வரி. பெயர், கடைசி மடலின் எண், முதல் மடலின் எண், அப்புறம் ஓர் எழுத்து. 'ஒய்' என்றால் யாரும் எழுதலாம். 'என்' என்றால் இங்கிருந்து எழுதக் கூடாது. 'எம்' என்றால் நடுவர் பார்த்து அனுமதித்த மடல் மட்டும். அந்த வரி இருந்தால் குழு உண்டு, அழித்தால் இல்லை. அதாவது அந்த சர்வரில் இல்லை. அடுத்த சர்வரில் உண்டா என்பது அடுத்தவர் விவகாரம். ஊருக்கு ஒரு கர்ணம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிராமக் கணக்கு, மேலே கலெக்டர் ஆபீஸ் மட்டும் இல்லை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அஃதேல், 'இந்தக் குழு செல்லாது, எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் எந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறார் எனின், நன்று வினாயினாய். மயக்கம் முழுதும் இங்கேதான் விளைகிறது. வாசகர் தம் சொந்தக் கோப்பில் இருந்து சர்வரில் இல்லாததைச் செல்லாது என்பார். சர்வர் நிர்வாகி தம் சர்வரில் இருந்து பொதுப் பட்டியலில் இல்லாததைச் செல்லாது என்பார். பட்டியல் வைத்திருப்பவரோ தாம் கேள்விப்படாத எதையும் செல்லாது என்பார். மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்பவர் தம் கணக்கைப் புரட்டிப் பார்த்து, 'அபத்தம், குழு இதோ இருக்கிறதே' என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. ஆகவே சண்டைக்கு முடிவில்லை.

பொதுப் பட்டியல் என்று ஒன்று உண்டா? பல உண்டு. ஜீன் ஸ்பாஃபோர்ட் 1980-களில் குழுக்களின் பட்டியலைப் பராமரித்து அவ்வப்போது வெளியிட்டார். அதற்குப் பெரும் மதிப்பு இருந்தது. சட்டம் என்று அதற்குப் பெயர் இல்லை, ஒழுங்கான கையெழுத்துள்ள மாணவனின் நோட்டுக்குக் கிடைக்கும் மதிப்புதான். பட்டியலைக் கட்டளை மடலாகவே அனுப்ப 'செக்குரூப்ஸ்' என்ற வகை வந்தது. அது வந்து சேர்ந்ததும் சர்வர் தன் வரிகளோடு ஒப்பிட்டு, இன்னின்ன குழுக்கள் விடுபட்டுள்ளன, இன்னின்ன செல்லாதவை, நீக்கத்தக்கவை என்று நிர்வாகிக்கு எழுதும். நீக்குவதற்கான கட்டளைகளையும் தானே அடித்துக் கொடுக்கும். நிர்வாகி நகலெடுத்து ஒட்டினால் போதும். ஒரு தவறு செய்வதற்கு இவ்வளவு உபசாரம் உலகில் வேறெங்கும் கிடைக்காது.

ஏனெனில் அந்தப் பட்டியல் எதைப் பற்றியது என்பதில் ஒரு சிக்கல். ஒரு பிரிவின் (பெயரின் முதற்சொல் ஒன்றாயுள்ள குழுக்களின்) கணக்கை எழுதியவர் அந்தப் பிரிவுக்குத்தான் பொறுப்பு. அதில் காணாத பக்கத்துப் பிரிவுக் குழுக்களைச் செல்லாதவை என்று கொள்ளலாகாது. இது எவருக்கும் விளங்கும் செய்தி, மென்பொருளைத் தவிர. எந்தப் பிரிவு, எத்தனையாவது பதிப்பு என்பதைக் கட்டளையிலேயே குறிக்கும் வழி 2009-ல் வெளிவந்த ஆர்எஃப்சி 5537 என்ற விதி ஆவணத்தில்தான் எழுதி வைக்கப்பட்டது. யூஸ்நெட் தோன்றி முப்பது ஆண்டு கழித்து. அந்த விதிகளை எழுதிய குழுவே பத்தாண்டுக்கு மேல் விவாதித்தது என்பதையும் இங்கே பதிவு செய்யலாம். தாமதத்தைக் குறை சொல்ல அன்று, துறையின் ஆழத்தைக் காட்டவே.

நூற்பா 2

போவெனச் சொல்லல் எவர்க்கும் எளிதே;
போதல் என்பது கேட்போர் பாற்றே.

இதனுள் 'போவெனச் சொல்லல்' என்றது 'ஆர்எம்குரூப்' என்னும் கட்டளை மடலை. அதன் உடன்பிறப்பு 'நியூகுரூப்'. முன்னது குழுவை நீக்கச் சொல்லும், பின்னது உண்டாக்கச் சொல்லும். இரண்டும் தனிக் கம்பியில் வருவதில்லை. சமையல் குறிப்பும் அரசியல் வசையும் வரும் அதே வழியில், அவற்றோடு முண்டியடித்து வருபவை.

மார்க் ஹார்ட்டன் 1983-ல் எழுதிய ஆர்எஃப்சி 850-ம், அவரும் ரிக் ஆடம்ஸும் 1987-ல் எழுதிய ஆர்எஃப்சி 1036-ம் இதற்கு மூலநூல்கள். ஆர்எம்குரூப் மடல் போனால் வலையமைப்பின் எல்லாத் தலங்களிலிருந்தும் குழு நீங்கிவிடும், எனவே பொறுப்புள்ள நிர்வாகி கவனத்தோடு பயன்படுத்த வேண்டும் என்பது பின்னதன் கொள்கை. 'பொறுப்புள்ள நிர்வாகி' யார் என்று வரையறை இல்லை. அங்கீகரித்தவர் பெயருக்கு மடலின் தலைப்பில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் யார் வேண்டுமானாலும் தம் பெயரை எழுதலாம். பிறர் பெயரையும் எழுதலாம். இரண்டும் நடந்தன.

இன்னொரு நுட்பம். மடலின் பொருள் வரியை 'சிஎம்எஸ்ஜி' என்ற நான்கெழுத்தோடு தொடங்கினால், அடுத்து வருவதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்த விதிகளில் இருந்தது. அதாவது 'அந்த ஆள் இப்படியொரு மடல் அனுப்பினானே' என்று புகார் சொல்ல வருபவர் அந்த மடலின் தலைப்பையே பொருள் வரியில் மேற்கோள் காட்டினால், புகாரே குற்றமாகிவிடக்கூடும். பின்னாளில் இதை வேண்டாம் என்று விலக்கினார்கள். உரையாசிரியருக்கு இதில் வருத்தமே. இவ்வளவு நேர்த்தியான பொறி மறுபடி அமைவது அரிது.

பொறுப்புள்ளவர்கள் யார் என்பதில் முதல் பெரிய கலகம் 1986-87-ல். 'பெரும் பெயர்மாற்றம்' என்று வரலாற்றில் இடம்பெற்றது. நெட், மாட் என்று தொடங்கிய பெயர்களை எல்லாம் மாற்றி, காம்ப், மிஸ்க், நியூஸ், ரெக், சை, சாக், டாக் என்று ஏழு பிரிவுகளில் அடைத்தார்கள். இந்திய விஷயங்கள் பேசிய நெட்.என்லேங்.இந்தியா அப்போதுதான் சாக்.கல்ச்சர்.இந்தியன் ஆயிற்று. (பின்னால் சாக்.கல்ச்சர்.தமிழும் வந்தது, அங்கே தமிழ் பெரும்பாலும் ஆங்கில எழுத்துடுத்தி உலவியது.) மாற்றத்தைச் செய்தவர்கள் முதுகெலும்பு சர்வர்களின் நிர்வாகிகள், தொலைதூர டெலிபோன் கட்டணத்தில் பெரும்பங்கு அவர்கள் தலையில் விழுந்ததால் பேசும் உரிமையும் தமதே என்று கருதியவர்கள். 'முதுகெலும்புக் கூட்டணி' என்று மற்றவர்கள் சொன்னார்கள். அப்படி ஒரு கூட்டணியே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். இல்லாத கூட்டணி இருந்த குழுக்களை நீக்கியது என்பது நம் துறையின் தொடக்கப் புதிர்களுள் ஒன்று.

பழைய பெயர்கள் அதனால் செத்துவிட்டனவா எனின், இல்லை. பழம்பெயருக்கு எழுதினால் புதுப்பெயரில் கொண்டுபோய்ச் சேர்க்க மென்பொருளில் ஒரு மாற்றுப்பெயர்க் கோப்பு இருந்தது. எழுதியவருக்குத் தாம் இறந்த குழுவுக்கு எழுதுகிறோம் என்பதே தெரியாது.

கூட்டணியோடு ஒத்துப்போகாத மூவர், ப்ரையன் ரீட், ஜான் கில்மோர், கார்டன் மொஃபெட், 1987 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஓர் இறைச்சி வறுவல் கடையில் உட்கார்ந்து 'ஆல்ட்' என்ற புதுப் பிரிவை வகுத்தார்கள். யாரும் யாரையும் கேட்காமல் குழு தொடங்கலாம் என்பது அதன் ஆதாரம். 1988-ல் ரீட் ஆல்ட்.செக்ஸ் தொடங்கினார், ஆல்ட்.டிரக்ஸ் முன்பே இருந்தது. வரிசை நிறைவு பெற வேண்டும் என்று ஆல்ட்.ராக்-என்-ரோலையும் சேர்த்தார். எதுகை மோனைக்காகக் குழு கண்ட முதல் யூஸ்நெட் புலவர் அவர் என்று இவ்வாய்வு கொள்கிறது. பின்னே வந்தவர்கள் அந்தச் சுதந்திரத்தை ஆல்ட்.ஸ்வீடிஷ்.ஷெஃப்.போர்க்.போர்க்.போர்க் வரை கொண்டுபோனார்கள். இது செல்லும் குழுவா, செல்லாக் குழுவா? கேட்பதற்கே ஓர் அதிகாரி வேண்டும். ஆல்ட்டில் அதிகாரி இல்லை. ஒருவர் நியூகுரூப் அனுப்புவார், இன்னொருவர் ஆர்எம்குரூப் அனுப்புவார், முதலாமவர் மறுபடி அனுப்புவார். அலுத்துப்போன நிர்வாகிகள் பலர், ஆல்ட்டில் உண்டாக்கும் மடலை ஏற்று, நீக்கும் மடலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டார்கள். விளைவு, பிறப்பு உண்டு, இறப்பு இல்லை. சித்தர்கள் தேடியதும் இதைத்தான்.

இங்கே ஒரு வழக்கு விரிவாக ஆராயத்தக்கது. 1991-ல் ஒருவர் வேடிக்கையாக, சயன்டாலஜி சபைத் தலைவரின் பெயரை ஒத்த (எழுத்துப் பிழையோடு கூடிய) ஒரு பெயரில், ஆல்ட்.ரிலிஜன்.சயன்டாலஜி என்ற குழுவுக்கு நியூகுரூப் அனுப்பினார். குழு உண்டாயிற்று, ஆட்கள் வந்தார்கள், சபையைக் கடுமையாக விமர்சித்தார்கள். 1995 ஜனவரியில் சபையின் வழக்கறிஞர் ஒருவர் ஆர்எம்குரூப் அனுப்பினார். குழு போலி மடலால் பிறந்தது, முறைப்படி விவாதிக்கப்படவில்லை, பெயர் எங்கள் வணிகச் சின்னம் என்பன அவர் காட்டிய காரணங்களுள் சில.

இக்காரணங்களை உரையாசிரியர் நடுநிலையோடு எடைபோடுகிறார். போலி மடல் என்றது மெய். ஆனால் மூன்றரை ஆண்டுகளாக அங்கே எழுதியவர்கள் போலியல்லர். விவாதிக்கப்படவில்லை என்றதும் மெய். கேட்காமல் தொடங்கத்தான் ஆல்ட்டே பிறந்தது. வணிகச் சின்னம் என்றது நீதிமன்றத்துக்குரிய வாதம். ஆக்டிவ் கோப்பில் அதற்கென ஓர் எழுத்து ஒதுக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வழக்கறிஞர் ஒரு சட்ட அறிவிப்பை அனுப்புவதாக நினைத்தார். போய்ச் சேர்ந்ததோ ஆயிரக்கணக்கான நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். சொன்னபடி தானாகச் செய்யும் சில சர்வர்களில் குழு மறைந்தது. வேறு யாரோ நியூகுரூப் அனுப்பத் திரும்பி வந்தது. பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. அதுவரை அந்தக் குழுவைக் கேள்விப்படாதவர்கள் பலர் அன்றிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரு குழுவுக்கு வாசகர் சேர்க்க இதைவிடச் சிறந்த மடல் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

போலிக் கட்டளைகளைத் தடுக்க 1990-களில் பிஜிபி என்னும் குறியாக்க நிரலின் கையொப்பம் வந்தது. டேவிட் லாரன்ஸின் சரிபார்ப்பு நிரல் மடலின் கையொப்பத்தைச் சோதிக்கும். ஐஎன்என் என்ற சர்வர் மென்பொருளில் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு, யார் அனுப்பினால் செய், யார் அனுப்பினால் எனக்கு எழுதிக் கேள், யார் அனுப்பினால் தூக்கிப் போடு என்று வரிவரியாகச் சொல்லும். பெரிய பிரிவுகளுக்கு இது நன்றாக உதவியது. ஆல்ட்டுக்கு உதவவில்லை. கையொப்பம் உண்மையா என்று பார்க்கலாம், கையொப்பமிட ஆளே இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது?

நூற்பா 3

பெயர்தான் போகும், பேச்சுப் போகாதே.

ஐஎன்என்-ல் நிர்வாகி தம் கையாலேயே ஒரு குழுவை நீக்கினாலும் ஆக்டிவ் கோப்பில் அதன் வரி மட்டுமே அழியும். மடல்கள் கிடக்கும் அடைவைக் கட்டளை தொடாது. அவை வழக்கமான கெடு முடிந்து தாமாகக் கழியும். வெளியிலிருந்து அந்தக் குழுவுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் மடல்கள், நிர்வாகி அப்படி அமைத்திருந்தால், 'ஜங்க்' என்ற பொதுக் கிடங்கில் போய் விழும். பல குழுக்களுக்குச் சேர்த்து எழுதிய மடலின் தலைப்பில் நீக்கப்பட்ட பெயர் அப்படியே இருக்கும். அதைப் பார்த்த ஒரு வாசகர், 'இந்தக் குழு இங்கே ஏன் வரவில்லை, சேர்த்துக் கொடுங்கள்' என்று நிர்வாகிக்கு எழுதுவார். நிர்வாகி சேர்த்துக் கொடுப்பார்.

நூற்பா 4

செல்லாது என்னுமுன் சர்வரை நோக்குக.

இதன் பொருள் வெளிப்படை. ஆகவேதான் யாரும் கடைப்பிடிப்பதில்லை.

வாசகரிடம் 'நியூஸ்ஆர்சி' என்றொரு சொந்தக் கோப்பு உண்டு. குழுவின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இருந்தால் அவர் அதைப் படிக்கிறார். ஆச்சரியக்குறி இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தினாலும் பெயர் கோப்பில் இருக்கும். ஒரு குழுவை வெறுத்து விலகியதற்கு ஆச்சரியக்குறி போட்டு நினைவு வைத்திருப்பது மனித சுபாவத்தை நன்கறிந்த ஏற்பாடு.

லாரி வால் (பின்னர் பெர்ல் மொழியைப் படைத்தவர்) 1984-ல் எழுதிய ஆர்என் என்னும் வாசிப்பு நிரல், இந்தக் கோப்பில் இருந்து சர்வர் பட்டியலில் இல்லாத குழுக்களைக் கண்டால் கோப்பின் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நீக்கவா என்று ஒரு கேள்வி கேட்கும். அதன் கண்ணுக்குச் 'செல்லாதது' என்றால் இவ்வளவே: உன்னிடம் இருக்கிறது, சர்வரில் இல்லை. சர்வரில் ஏன் இல்லை என்று அதற்குத் தெரியாது. உலகத்திலேயே ஒழிந்திருக்கலாம், நிர்வாகி மறந்திருக்கலாம், வாசகர் வேலை மாறி வேறு சர்வருக்கு வந்திருக்கலாம், பட்டியல் பாதி வந்ததும் லைன் அறுந்திருக்கலாம். கடைசி வகையில் 'ஆம்' என்று தட்டுபவர், தாம் ஆண்டுக்கணக்கில் எதை எதுவரை படித்தோம் என்ற குறிப்பு முழுவதையும் தம் கையாலேயே அழித்து, சுத்தம் செய்த திருப்தியோடு எழுந்து போவார். மறுநாள் சர்வர் சரியானதும் எல்லாக் குழுவும் புதிய குழுவாக வந்து நிற்கும், படிக்காத மடல்களோடு.

உண்மையிலேயே செல்லாத பெயர் என்று ஒன்றும் கிடையாதா எனின், உண்டு. ஆனால் அவற்றைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை. பெயரின் ஓர் உறுப்பு வெறும் எண்ணாக இருத்தல் கூடாது என்பது ஓர் எடுத்துக்காட்டு. பழைய சர்வர்களில் குழு என்பது ஓர் அடைவு, மடல் என்பது அதனுள் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்பு. ஒரு குழுவுக்கு 414 என்றொரு கிளைக்குழு தொடங்கினால், தாய்க்குழுவின் 414-ஆம் மடல் வந்து சேரும் நாளில் இருவருக்கும் ஒரே நாற்காலி. இது கல்மேல் எழுத்துப் போன்ற தெளிவுடைய விதி. தெளிவுடைய விதியில் ஆய்வாளருக்கு வேலை இல்லை, மேலே செல்வோம்.

புறனடை

மேற்சொன்னவற்றுள் அடங்காதவற்றையும் அறிந்து கொள்க என்பது இலக்கண மரபு ஆதலின் சில.

உரிமையாளரே நீக்கினால் குழு போய்விடுமா? மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் தானே தொடங்கிய நியூஸ்குரூப்களை 2010-ல் மூடியது. மூடியது தன் சர்வரை. மைக்ரோசாஃப்ட்.பப்ளிக் என்று தொடங்கும் அதே குழுக்களை வேறு சர்வர்கள் தொடர்ந்து வைத்திருந்தன. ஆட்கள் வேர்டு, எக்செல் சந்தேகங்களை அங்கே கேட்டார்கள். பதில் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம், யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் யூஸ்நெட் சர்வரை நிறுத்தியது. யூஸ்நெட் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2024 பிப்ரவரியில் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டிலிருந்து விலகியபோது, அதன் வழியாக மட்டுமே யூஸ்நெட்டை அறிந்தவர்கள் யூஸ்நெட் மூடப்பட்டது என்றார்கள். முதல் நூற்பாவை மறுபடி படிக்குமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

முறைப்படி வாக்கெடுத்து உண்டாக்கினால் செல்லுமா? ஆதரவு வாக்கு எதிர்ப்பைவிட நூறாவது கூடுதலாக இருந்தால் குழு நிறைவேறும் என்பது அன்றைய மரபு. 1989-ல் ரிச்சர்ட் செக்ஸ்டன் என்பவர் மீன்தொட்டி வளர்ப்போருக்கு ஒரு குழு கேட்டார். பொழுதுபோக்குக்குரிய ரெக் பிரிவில் கேட்டிருந்தால் சண்டையே இல்லை. அறிவியலுக்குரிய சை பிரிவை அதிக சர்வர்கள் வாங்குகின்றன, எனவே மீன் தொலைதூரம் போகும் என்று கணக்குப் போட்டு சை.அக்வேரியா என்று கேட்டார். தங்கமீனுக்குத் தீனி போடுவது அறிவியலா என்று பெரும்போர் மூண்டது, தீனி போடுவோரும் போடாதோரும் வாக்களித்தார்கள், குழு வென்றது. வென்ற குழுவை ஏற்க முடியாது என்று சில நிர்வாகிகள் தங்கள் சர்வரில் வரி சேர்க்க மறுத்தார்கள். பட்டியலில் இருந்த குழு அவர்களிடம் இல்லை. செல்லாதது என்றும் சொல்ல முடியவில்லை. பின்னர் ரெக்.அக்வேரியாவும் தொடங்கப்பட்டது. சை.அக்வேரியாவை யாரும் நீக்கவில்லை. அறிவியல் நோக்குள்ள மீன்தொட்டி மடல்கள் மட்டும் என்று பட்டியலில் அதற்கு நேரே ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள். தங்கமீனுக்கு ரெக் பிரிவில் தனிக் குழு கிடைத்தது.